ஜாடை புரிய, ஜாடையாகப் பேச: ஆங்கிலத்தில் மறைமுகக் குறிப்புகள்

ஆங்கில இலக்கணம் ஓரளவு கைவந்த பிறகும், வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசி முடித்ததும் "அவர் சரி என்றாரா, வேண்டாம் என்றாரா?" என்று குழம்புகிறவர்களுக்காக இந்த அத்தியாயம். வேலையில் கெட்டிக்காரர்கள் பலர் பின்தங்கிப்போவதற்குக் காரணம் இலக்கணப் பிழையைவிட இந்தக் குழப்பம்தான் என்பது என் உறுதியான எண்ணம். மேலாளர் "இட் மைட் பி வொர்த் அனதர் லுக்" என்று எழுதியிருப்பார். இன்னொரு தடவை பார்த்தால் நல்லது என்கிறார், நேரம் கிடைத்தால் பார்ப்போம் என்று நாம் அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். அவர் சொன்னதோ, "இது சரியில்லை, திருத்திக் கொடு" என்பது.

இந்தக் கலை நமக்குப் புதிதல்ல. பெண் பார்க்க வந்தவர்கள் "ஊருக்குப் போய்த் தகவல் சொல்றோம்" என்று எழுந்தால் அதன் பொருளை நம் வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்யும் வாக்கியங்கள் வேறு. அவற்றைப் பிடிக்கக் கற்பது முதல் வேலை. பேசக் கற்பது அடுத்தது. வரிசையை மாற்றாதீர்கள். கேட்டுப் பழகாமல் பேச ஆரம்பித்தால் குத்தலாக முடியும்.

சொற்களை முதலில் சரியாகப் பிடியுங்கள்

1. "ஹின்ட்": தீங்கில்லாத குறிப்பு. குறிப்புக் கொடுப்பது "டிராப் எ ஹின்ட்", புரிந்துகொள்வது "டேக் எ ஹின்ட்".

2. "இம்ப்ளை", "இன்ஃபர்": முன்னது பேசுபவர் செய்வது, பின்னது கேட்பவர் செய்வது. "ஆர் யூ இன்ஃபரிங் தட் ஐ ஆம் லேட்?" என்று கேட்பது பரவலான தவறு. அங்கே "இம்ப்ளையிங்" என்றுதான் வரவேண்டும்.

3. "இன்சினுவேட்", "இன்யூவெண்டோ": பொடி வைத்துப் பேசுவது. இரண்டிலும் கெட்ட எண்ணம் கலந்திருக்கிறது. "வாட் ஆர் யூ இன்சினுவேட்டிங்?" என்று கேட்டால் சண்டைக்கு இழுக்கிறீர்கள் என்று பொருள். நிதானமாகக் கேட்க "வாட் டூ யூ மீன் பை தட்?" போதும்.

4. "அல்லூட்": பெயர் சொல்லாமல் ஒன்றைச் சுட்டுவது. பெயரைச் சொல்லிவிட்டால் அது "ரெஃபர்".

எச்சரிக்கை: இரண்டு சொற்களில் நம்மவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று "சஜஸ்டிவ்". ஆலோசனை சொன்னவருக்கு நன்றி சொல்ல நினைத்து "தேங்க் யூ ஃபார் யுவர் சஜஸ்டிவ் ரிமார்க்ஸ்" என்று எழுதிவிடுகிறார்கள். ஒருவருடைய பேச்சோடு சேரும்போது அந்தச் சொல்லுக்கு ஆபாசம் தொனிக்கும் என்றே பெரும்பாலும் பொருள். "தேங்க் யூ ஃபார் யுவர் சஜஷன்ஸ்" என்று எழுதுங்கள். மற்றொன்று "ப்ளீஸ் இன்டிமேட் மீ". நம் அலுவலகங்களில் அது தெரிவிப்பது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அந்த வினைச்சொல்லுக்குப் பூடகமாக உணர்த்துவது என்பதே வழக்கமான பொருள். "ப்ளீஸ் லெட் மீ நோ" என்றால் எந்த நாட்டிலும் புரியும்.

ஜாடையைப் பிடிக்கும் முறை

1. "இதை ஏன் இப்போது என்னிடம் சொல்கிறார்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லாமல் உணர்த்துவதை ஆராயும் துறையின் முன்னோடி தத்துவ அறிஞர் பால் கிரைஸ். 1975-இல் வெளியான அவருடைய கட்டுரையில் ஒரு பரிந்துரைக் கடிதம் வருகிறது. தத்துவ ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்த மாணவனைப் பற்றிய கடிதம். ஆங்கிலம் நன்றாக வருகிறது, வகுப்புக்கு ஒழுங்காக வந்தான் என்பதோடு அது முடிந்துவிடுகிறது. தத்துவத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. படித்தவருக்கு விஷயம் புரிந்துவிடும். ஆகவே சொல்லியிருப்பதை மட்டும் பார்க்காதீர்கள். அந்த இடத்தில் சொல்லியே ஆகவேண்டிய எதை விட்டுவிட்டார் என்று தேடுங்கள். நீங்கள் அனுப்பிய அறிக்கைக்கு "த ஃபார்மேட்டிங் லுக்ஸ் நைஸ்" என்று மட்டும் பதில் வந்தால், உள்ளடக்கம் பிடிக்கவில்லை என்று சந்தேகப்படலாம்.

2. சின்னச் சொற்களை அடிக்கோடிடுங்கள். "மைட்", "பெர்ஹாப்ஸ்", "ஸ்லைட்லி", "எ பிட்", "நாட் ஐடியல்" ஆகியவை பிரிட்டிஷ்காரர் வாயில் வந்தால் அளவைக் குறைத்துச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். "எ பிட் ஆஃப் எ ப்ராப்ளம்" என்றால் பெரிய சிக்கலாகவே இருக்கக்கூடும். "கொய்ட் குட்" என்பதை அமெரிக்கர் சொன்னால் பாராட்டு. அதையே பிரிட்டிஷ்காரர் சொன்னால் பெரும்பாலும் "பரவாயில்லை" என்ற அளவுதான்.

இதை லேசாக நினைக்காதீர்கள். கொரியப் போரில், 1951 ஏப்ரலில், இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டிஷ் படைப்பிரிவு ஒன்றைச் சீனப் படைகள் சூழ்ந்துகொண்டன. பிரிகேடியர் தாமஸ் பிரோடி அமெரிக்கத் தளபதியிடம் நிலைமை "எ பிட் ஸ்டிக்கி" என்று சொன்னதாகவும், கஷ்டம்தான் ஆனாலும் சமாளிக்கிறார்கள் என்று அமெரிக்கர் எடுத்துக்கொண்டதாகவும் பிரிட்டனில் இன்றும் எடுத்துச் சொல்கிறார்கள். குளோஸ்டர்ஷயர் ரெஜிமென்டின் முதல் பட்டாலியனில் பெரும்பாலானவர்கள் இறந்தார்கள் அல்லது சிறைப்பட்டார்கள். இருவரும் பேசியது ஒரே ஆங்கிலம்தான்.

3. கேள்வியாக வரும் கட்டளையைக் கவனியுங்கள். "குட் யூ பாசிப்ளி", "ஐ வாஸ் வொண்டரிங் இஃப்", "டூ யூ திங்க் வீ ஷுட்" என்று தொடங்குபவை பெரும்பாலும் கோரிக்கைகள். "குட் யூ செண்ட் இட் பை ஃபோர்?" என்று கேட்டவருக்கு "யெஸ், ஐ குட்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. நாலு மணிக்குள் அனுப்ப வேண்டும்.

4. சொல்பவர் யார் என்று பாருங்கள். பக்கத்து மேசைக்காரர் சொன்னால் அது யோசனை. அதே வாக்கியம் மேலதிகாரியிடமிருந்து வந்தால் உத்தரவு. அமெரிக்க எஃப்.பி.ஐ. இயக்குநராக இருந்து நீக்கப்பட்ட ஜேம்ஸ் கோமி, 2017 ஜூன் 8 அன்று செனட் குழுவின் முன் சாட்சியம் சொன்னார். பதவி விலகியிருந்த பாதுகாப்பு ஆலோசகர் மைக்கேல் ஃபிளின் மீதான விசாரணையை விட்டுவிடுவீர்கள் என்று நம்புகிறேன் என்ற பொருளில் அதிபர் டிரம்ப் தம்மிடம் தனியறையில் பேசியதாகவும், அதைத் தாம் உத்தரவாகவே எடுத்துக்கொண்டதாகவும் சொன்னார். அப்படிக் கேட்கவில்லை என்று டிரம்ப் மறுத்தார். "ஐ ஹோப்" என்ற இரண்டு சொல் ஆசையா ஆணையா என்று செனட்டர்களே அன்று வாதிட்டார்கள். மேலிடத்திலிருந்து "ஐ ஹோப்" வந்தால் ஆணை என்று வைத்துக்கொண்டு, அடுத்த படிக்குப் போங்கள்.

5. ஊகத்தோடு நிற்காதீர்கள், கேட்டுத் தெளியுங்கள். எல்லாப் படிகளிலும் முக்கியமானது இதுதான். "டிட் யூ மீன்" என்று கேட்டால் குறுக்கு விசாரணை போல ஒலிக்கும். நீங்கள் செய்யப்போவதைச் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள்: "ஜஸ்ட் டு பி ஷ்யூர், ஐ வில் ரிவைஸ் த செகண்ட் செக்ஷன் அண்ட் செண்ட் இட் பை ஃப்ரைடே. இஸ் தட் வாட் யூ ஹேட் இன் மைண்ட்?" ஊகம் தவறாக இருந்தால் அவரே திருத்துவார். சரியாக இருந்தால் எழுத்தில் ஒப்புதல் கிடைத்துவிடும்.

அடிக்கடி காதில் விழுபவை

பிரிட்டிஷ் அலுவலகப் பேச்சில் இவை அதிகம். எல்லா இடத்திலும் இதே பொருள் என்று மனப்பாடம் செய்யாதீர்கள். சந்தேகப்பட வேண்டிய இடங்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

"ஐ ஹியர் வாட் யூ ஆர் சேயிங்": கேட்டேன், ஒப்புக்கொள்ளவில்லை.

"வித் ரெஸ்பெக்ட்": நீங்கள் சொல்வது தவறு. "வித் த கிரேட்டஸ்ட் ரெஸ்பெக்ட்" என்று மரியாதை கூடினால் கோபமும் கூடியிருக்கிறது.

"தட்ஸ் எ பிரேவ் டெசிஷன்": இதைச் செய்தால் மாட்டிக்கொள்வீர்கள். பாராட்டு என்று நினைத்து நன்றி சொல்லிவிட வேண்டாம்.

"ஐ வில் பேர் இட் இன் மைண்ட்": பெரும்பாலும் இதோடு முடிந்தது.

"லெட்ஸ் டேக் திஸ் ஆஃப்லைன்": எல்லோர் முன்னாலும் இதைப் பேச வேண்டாம்.

"யூ மஸ்ட் கம் ரவுண்ட் ஃபார் டின்னர்": தேதி சொல்லும்வரை இது அழைப்பு அல்ல.

"நாட் பேட் அட் ஆல்": நன்றாகவே இருக்கிறது. தலைகீழாகப் புரிந்துகொண்டு மனம் வாடுகிறவர்கள் உண்டு.

"ஆஸ் பெர் மை லாஸ்ட் ஈமெயில்": முன்பே எழுதினேனே, படிக்கவில்லையா? நம் ஊரில் இது சாதாரண அலுவலக நடை. வெளிநாட்டவர் பலர் இதைக் குத்தலாகப் படிப்பார்கள். "ஐ மென்ஷன்ட் திஸ் ஆன் டியூஸ்டே, அண்ட் ஹியர் இட் இஸ் அகெய்ன்" என்று எழுதிப் பழைய செய்தியைக் கீழே ஒட்டிவிடுங்கள்.

நீங்கள் ஜாடையாகப் பேச

1. என்ன நடக்க வேண்டும் என்பதை முதலில் தமிழில் ஒரே வரியில் எழுதுங்கள். "மார்ச் 5-ஆம் தேதி அனுப்பிய பில்லுக்குப் பணம் வேண்டும்." இந்த வரி தெளிவாக இல்லையென்றால் ஜாடையும் தெளிவாக இராது.

2. ஆளை விட்டுவிட்டு வேலையை எழுவாயாக்குங்கள். "யூ ஹேவ் நாட் பெய்ட்" என்பதற்குப் பதில் "த இன்வாய்ஸ் ஆஃப் ஃபிஃப்த் மார்ச் சீம்ஸ் டு ஹேவ் ஸ்லிப்ட் த்ரூ" என்று எழுதினால், அவர் முகம் சுளிக்காமல் திருத்திக்கொள்ள வழி இருக்கிறது.

3. மென்மைச் சொல் ஒன்று போதும். "ஐ வாஸ் ஜஸ்ட் வொண்டரிங் இஃப் பெர்ஹாப்ஸ் யூ மைட் பாசிப்ளி" என்று அடுக்கினால் பயந்தவர் பேச்சாகவோ கேலியாகவோ ஒலிக்கும்.

4. தொனி மென்மையாக இருக்கட்டும்; தேதி, தொகை, பெயர் மூன்றும் அப்பட்டமாக இருக்க வேண்டும். "குட் இட் பி க்ளியர்ட் பை த ட்வென்டியத்?" என்பது சரி. "சம்டைம் சூன்" என்பது வீண்.

5. இரண்டு முறை குறிப்புக் கொடுத்தும் நடக்கவில்லையா? மூன்றாவது முறை நேராகக் கேளுங்கள்: "ப்ளீஸ் பே திஸ் பை த ட்வென்டியத்." இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் தவறான எண்ணைச் சொல்லும்போது பயன்படும் வாக்கியம் இது: "ஐ மே பி லுக்கிங் அட் அன் ஓல்டர் வெர்ஷன், பட் ஐ ஹேவ் ட்வெல்வ் ஹியர்." எண்ணைச் சொல்லியாகிவிட்டது, அவரும் கௌரவமாகத் திருத்திக்கொள்ளலாம். இந்த ஒரு வாக்கியத்தை மட்டுமாவது வாய்விட்டுச் சொல்லிப் பழகிவைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் வாய் திறக்கத் தயங்கும் இளைஞர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. நம் மறுப்பு ஜாடைகள் ஆங்கிலத்தில் மறுப்பாகப் போய்ச் சேருவதில்லை. "பார்க்கலாம்" என்ற எண்ணத்தில் நாம் "ஐ வில் ட்ரை" என்கிறோம். அந்தப் பக்கம் அதை வாக்குறுதியாக எழுதிக்கொள்கிறார்கள். முடியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு மௌனமாக இருந்தால் சம்மதம் என்று முடிவாகிறது. மறுக்க வேண்டிய இடத்தில் மூன்று துண்டுகளாகச் சொல்லுங்கள்: முடியாதது, முடிவது, எப்போது. "வெட்னஸ்டே வோன்ட் பி பாசிபிள். ஐ கேன் டூ த ஃபர்ஸ்ட் பார்ட் பை தென், அண்ட் த ரெஸ்ட் பை மண்டே."

ஜாடை கூடவே கூடாத இடங்கள்

உயிர்

1990 ஜனவரி 25. கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த அவியாங்கா 52 விமானம் மோசமான வானிலையால் வானத்தில் நீண்ட நேரம் காக்கவைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. விமானிகள் கட்டுப்பாட்டு அறையிடம் "பிரயாரிட்டி" கேட்டார்கள். எரிபொருள் தீர்கிறது என்றும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள். "எமர்ஜென்சி" என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை. கட்டுப்பாட்டாளர்கள் அதை நெருக்கடியாக எடுத்துக்கொள்ளவில்லை. லாங் ஐலண்டில் விமானம் விழுந்தது. இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். அப்படியொரு நிலைக்கு இன்று "மேடே ஃப்யூயல்" என்று வரையறுத்த சொல்லே இருக்கிறது.

மருத்துவமனை, தொழிற்சாலை, கட்டட வேலை, கப்பல் எதுவானாலும், மூத்தவரிடம் ஆபத்தைச் சொல்ல மூன்று படிகள் இருக்கின்றன. அமெரிக்க மருத்துவமனைகளின் பயிற்சியிலிருந்து வந்தவை. அப்படியே மனப்பாடம் செய்யுங்கள்:

1. "ஐ ஆம் கன்சர்ன்ட்."
2. "ஐ ஆம் அன்கம்ஃபர்ட்டபிள்."
3. "திஸ் இஸ் எ சேஃப்டி இஷ்யூ."

முதலாவதுக்குக் காது கொடுக்காவிட்டால் இரண்டாவது, அதற்கும் இல்லையென்றால் மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் காரணத்தை ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். "ஆர் யூ ஷ்யூர் அபவுட் தட், சார்?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஒதுங்காதீர்கள்.

பணம், ஒப்பந்தம், சாட்சியம்

திரைப்படத் தயாரிப்பாளர் சாமுவேல் பிரான்ஸ்டனிடம், சுவிஸ் வங்கியில் உங்களுக்கு எப்போதாவது கணக்கு இருந்ததா என்று நீதிமன்ற விசாரணையில் கேட்டார்கள். நிறுவனத்துக்கு ஆறு மாதம் போல ஜூரிச்சில் ஒரு கணக்கு இருந்தது என்று பதில் சொன்னார். அவர் பெயரிலும் கணக்கு இருந்திருக்கிறது. கேட்டவர்கள், சொந்தக் கணக்கு இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. சொன்னது அட்சர சுத்தமாக உண்மை, ஆகவே பொய்ச்சாட்சியம் ஆகாது என்று 1973-இல் தீர்ப்பு வந்தது. பதில் நழுவினால் மடக்கிக் கேட்டிருக்க வேண்டியது வழக்கறிஞரின் பொறுப்பு என்றது நீதிமன்றம்.

உங்களுக்கான பாடம்: "ஹேவ் யூ டெஸ்டெட் இட்?" என்று கேட்டதற்கு "த டீம் ஹேஸ் பீன் டெஸ்டிங் ஆல் வீக்" என்று பதில் வந்தால் அது பதில் அல்ல. "ஸோ இஸ் டெஸ்டிங் கம்ப்ளீட், யெஸ் ஆர் நோ?" என்று மறுபடி கேளுங்கள்.

பழி சொல்லும் இடம்

ஒருவர் திருடினார் என்று சொல்லாமல், "சிலருக்குக் கார் வாங்கப் பணம் எங்கிருந்து வந்ததோ" என்று குழுவில் எழுதினால் தப்பித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். எதிர்மறைக் குத்தலாகச் சொன்னாலும் அவதூறாகலாம் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவே விளக்கம் தருகிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 499-இலும் அதுவே இருந்தது. ஆதாரம் இருந்தால் உரியவரிடம் நேராகப் புகார் கொடுங்கள். இல்லாவிட்டால் எழுதாதீர்கள்.

உங்கள் மீது இரட்டை அர்த்தப் பேச்சு வீசப்பட்டால்

அலுவலகத்தில் பெண்கள் அதிகம் எதிர்கொள்வது இது. பேசியவர் "ஐ வாஸ் ஒன்லி ஜோக்கிங்" என்று ஒதுங்கிக்கொள்வார். பேச்சில் மறைவிடம் வைத்திருப்பதே அதற்காகத்தான்.

1. சிரிக்காதீர்கள். சங்கடத்தில் வரும் புன்னகையைக்கூட அவர் சம்மதமாகக் கணக்கு வைப்பார்.

2. சாதாரணக் குரலில் "ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட். கேன் யூ எக்ஸ்ப்ளெயின் தட்?" என்று கேளுங்கள். விளக்கச் சொன்னால் பெரும்பாலோர் பின்வாங்குவார்கள். கேட்கும் நிலையில் நீங்கள் இல்லையென்றாலோ, தனியாக இருந்தாலோ இந்தப் படியைத் தாண்டி விலகிவிடுங்கள். பாதுகாப்பு முதலில்.

3. எல்லையைச் சொல்லுங்கள்: "ப்ளீஸ் டோன்ட் ஸ்பீக் டு மீ லைக் தட்." காரணம் சொல்ல வேண்டாம். மன்னிப்பாகத் தொடங்கவும் வேண்டாம்.

4. அன்றே எழுதிவையுங்கள்: தேதி, நேரம், இடம், அவர் சொன்ன சொற்கள் அப்படியே, அருகில் இருந்தவர்கள். குறுஞ்செய்தி என்றால் அழிக்காதீர்கள்.

5. புகார் கொடுங்கள். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாலியல் சாயல் கொண்ட பேச்சையும் துன்புறுத்தல் என்றே சொல்கிறது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய இடம் என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம்வரை அவகாசம் தரலாம்.

பயிற்சி

உங்களுக்கு வந்த பழைய ஆங்கில மின்னஞ்சல்களில் ஐந்தை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "அவருக்கு என்ன நடக்க வேண்டும்?" என்று தமிழில் ஒரு வரி எழுதுங்கள். பிறகு நடந்தது என்ன என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த மின்னஞ்சல்கள் பழையவை என்பதால் விடை ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. அடுத்து, நீங்கள் அனுப்பியவற்றில் "இன்டிமேட்", "ஆஸ் பெர்", "ஐ வில் ட்ரை" மூன்றையும் தேடி, அந்த வாக்கியங்களை மட்டும் மாற்றி எழுதுங்கள். வாரம் ஒருமுறை, ஒரு மாதம் இதைச் செய்யுங்கள். அதுவரை குத்தலோ நகைச்சுவையோ கலந்த ஜாடையை ஆங்கிலத்தில் நீங்கள் தொடங்க வேண்டாம். கோரிக்கைக்கும் திருத்தத்துக்கும் மட்டும் பயன்படுத்துங்கள்.